கடைசிக் கட்டத்தில் போட்ட டிக்

போன மாதம் ஒரு மத்தியானம் நிவேதிதா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். புகார்ப் பிரிவில் இப்போது அவள் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

"மேடம், அந்தக் கன்சல்டேஷன் பேப்பர் பாத்தீங்களா? வெப்சைட்ல போட்டாச்சு."

பார்த்திருந்தேன். ஆபத்து அதிகமுள்ள முதலீட்டு ஃபண்டுகளில் சாதாரண ஜனங்களை எந்த அளவுக்கு உள்ளே விடலாம் என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் அறிக்கை அது. பெருந்தொகை போடக்கூடியவர்களுக்கு மட்டும் திறந்திருக்கும் சில ஃபண்டுகளின் குறைந்தபட்சத் தொகையைக் குறைக்கலாமா, கூடாதா என்பதுதான் சாரம்.

"ஆபீஸ்ல ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போட்டுக்கறோம். நீங்க ஒரு லைன்ல சொல்லுங்க மேடம். விடலாமா, கூடாதா?"

"ஒரு லைன்ல ஒரு தடவை எழுதிட்டு நான் பட்டது போதும்மா. கொஞ்சம் டைம் குடு, எழுதி அனுப்பறேன்."

அப்படி எழுத உட்கார்ந்ததுதான் இது.

என் அப்பா மத்திய அரசில் எழுத்தராக இருந்தவர். கும்பகோணத்திலிருந்து வந்து டெல்லி சர்க்கார் குவார்ட்டர்ஸில் எங்களை வளர்த்தார். எம்.காம். முடித்து, தேர்வு எழுதி, பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பின் டெல்லி அலுவலகத்தில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தேன். அதற்கப்புறம் பல வருடம் தரகர்களின் பதிவு, புதுப்பிப்பு, ஆய்வு என்று ஓடின. யாரும் விரும்பாத புகார்ப் பிரிவுக்கு என்னை மாற்றியபோது அழுகை வந்தது. அங்கேதான் தலைமை அதிகாரியாக சாவ்லா சார் இருந்தார்.

புகார்ப் பிரிவின் வழக்கமான வேலை சுலபமானது. புகார் வந்தால் எண் போட்டு, சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பவேண்டும். குறித்த நாட்களுக்குள் பதில் வரும். பெரும்பாலும் ஒரே பதில்தான்: 'முதலீட்டாளர் ஆவணங்களைப் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்.' அதைப் புகார் கொடுத்தவருக்கு அனுப்பி, கோப்பை மூடலாம். நான் போன முதல் வாரத்தில் பதினாறு கோப்புகளை மூடி, பெருமையாக சார் மேஜையில் வைத்தேன்.

அவர் ஒன்றைப் பிரித்தார். "இவரோடு பேசினீர்களா, வசந்தா ஜி?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை சார். பதில் வந்துவிட்டது."

"பதில் வங்கியிடமிருந்து வந்திருக்கிறது. புகார் இவரிடமிருந்து வந்தது. ஃபோன் நம்பர் மேலேயே இருக்கிறது, பாருங்கள்."

பதினாறையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

சாவ்லா சார் ஒல்லியான பஞ்சாபி மனிதர். கோடையிலும் முழுக்கைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோப்புகளில் பென்சிலால்தான் குறிப்பு எழுதுவார். கடைசி முடிவுக்கு மட்டும் பேனா. புகார்க்காரர் வந்தால் எழுந்து நிற்பார். மேஜைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அவர்கள் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்காருவார். பேச்சு முடிந்ததும் லிஃப்ட் வரை கூடவே நடந்து போய் வழியனுப்புவார். அதில் பெரியவர் சிறியவர் வித்தியாசம் கிடையாது.

எங்களுக்கு அவர் போட்ட ஒரு கட்டளை, இரண்டு தாள்கள். ஒன்றில் கேட்டதை மட்டும் எழுதவேண்டும். இன்னொன்றில் நாம் நினைத்ததை. 'அப்பாவி', 'பேராசைக்காரர்' போன்ற வார்த்தைகள் முதல் தாளில் வந்தால் தாளையே திருப்பித் தந்துவிடுவார்.

அவருடைய விசாரணை முறையும் வேறு மாதிரி. எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் "ஔர்?" என்பார். வேறே என்ன, என்று அர்த்தம். அவர்கள் இன்னும் கொஞ்சம் சொல்வார்கள். மறுபடியும் "ஔர்?" அவ்வளவுதான் சார் என்பார்கள். அவர் காத்திருப்பார். மூன்றாவது "ஔர்?" வரும்போது அறையே சங்கடப்படும். நிஜமான விஷயம் அநேகமாக அப்போதுதான் வெளியே வரும். இதை நான் நூறு முறையாவது பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் ஆசாத்பூர் மண்டியிலிருந்து சந்தோஷ் தேவி என்ற அம்மாள் வந்தார். மொத்த விலையில் தக்காளி வாங்கி விற்பவர். அவருடைய புகார் தலைகீழானது. ஏமாந்துவிட்டேன் என்று எல்லோரும் வரும் இடத்துக்கு, என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்று வந்திருந்தார். அவர் கேட்ட ஃபண்டு கொஞ்சம் துணிச்சலானது. வங்கியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு நஷ்டம் தாங்குவீர்கள், என்ன படித்திருக்கிறீர்கள், முதலீட்டு அனுபவம் எத்தனை வருடம் என்றெல்லாம் கேட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் போடச் சொல்லும் படிவம். இவர் ஐந்தாம் வகுப்பு என்று உண்மையைச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் இவரை ஆபத்து தாங்காதவர் பட்டியலில் போட்டுவிட்டது.

"மேடம்ஜி, காலைல லாரி நிக்கிற எடத்துலயே நான் தக்காளி வாங்கறேன். பத்து மணிக்கு என்ன ரேட் போகும்னு எனக்கும் தெரியாது, லாரிக்காரனுக்கும் தெரியாது. மழை பெஞ்சா பாதி அழுகிடும். இருபது வருஷமா இதான் பொழப்பு. எனக்கு ரிஸ்க் தெரியாதுன்னு அந்தக் காகிதம் சொல்லுது. அதை எழுதினவரை ஒருநாள் மண்டிக்கு அனுப்பி வையுங்க" என்றார் இந்தியில்.

சார் சிரித்துவிட்டார். ஆனால் விதி எதுவும் மீறப்படவில்லை. கோப்பை மூடவேண்டியிருந்தது. இரண்டாவது தாளில் நான், 'இவரைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் இந்தப் படிவம்' என்று எழுதினேன். சார் அதன் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

சில வருடம் கழித்து, ஒரு ஃபண்டு கதவை மூடியது. வங்கி வட்டியைவிடக் கூடுதலாகத் தருவதற்காக, நாணயம் குறைந்த கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்து வைத்திருந்த ஃபண்டு. கம்பெனிகள் தவணை தவறின. எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்க, இனி யாருக்கும் இப்போதைக்குத் தரமுடியாது என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் பிரிவில் தொலைபேசி ஓயவில்லை. ஓய்வூதியம் வாங்குபவர்கள், கல்யாணத்துக்குப் போட்டு வைத்தவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்தே பேசினவர்கள். எல்லோரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள்: "எஃப்.டி. மாதிரிதான்னு சொன்னாங்க மேடம்."

அந்த வேகத்தில்தான் அந்த ஒரு வரியை எழுதினேன். 'சாதாரண முதலீட்டாளர்களுக்கு இத்தகைய ஃபண்டுகளை விற்பதை அடியோடு தடை செய்யவேண்டும்.' கையெழுத்துப் போட்டு சாரிடம் கொடுத்தேன்.

அவர் 'சாதாரண' என்ற வார்த்தையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார். "கௌன்?" என்றார். யார்?

"சார், வெளியே உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான்."

"சந்தோஷ் தேவியுமா?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எனக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு கேஸை அடி வரைக்கும் பார்த்துவிட்டு இதை எடுத்துக்கொள்வோம்" என்று தாளை இழுப்பறைக்குள் வைத்தார்.

அந்த ஒரு கேஸ் மயூர் விஹாரிலிருந்து வந்தது.

அங்கே ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் முப்பது சொச்சம் குடும்பங்கள் பக்கத்திலிருந்த ஒரு தனியார் வங்கிக் கிளையின் மூலம் இந்த ஃபண்டில் போட்டிருந்தார்கள். குடியிருப்புச் சங்கத்தில் யாரோ ஒரு பொதுக் கடிதம் தயாரித்து, எல்லோரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். கடிதத்தின் முக்கிய வரி: 'நான் தனியாக வங்கிக்குச் சென்றேன். படிவத்தில் டிக் எதுவும் நான் போடவில்லை. பெயர்கூட எழுதாத படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.'

சார் அசல் படிவங்களை வரவழைத்தார். நகல் கூடாது, அசல்தான் வேண்டும் என்று இரண்டு முறை எழுதினோம். வந்ததும் பெரிய மேஜையில் வரிசையாகப் பரப்பி, பெயரையும் கையெழுத்தையும் வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டார். "டிக்கை மட்டும் பாருங்கள்" என்றார். அரைமணி நேரம் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் கடைசிக் கட்டத்தில், அதாவது 'அதிகபட்ச ஆபத்து தாங்குவேன்' என்ற இடத்தில் டிக். கிட்டத்தட்ட எல்லாப் படிவத்திலும் ஒரே சாய்வு, ஒரே நீளம். ஸ்கேல் வைத்து அளந்தோம். டிக்குகள் பேனாவால் போட்டவையே அல்ல. படிவத்தோடு சேர்த்து அச்சடித்து வைத்திருந்தார்கள். வங்கியால் மறுக்கமுடியவில்லை. பணம் வாங்கித் தரும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் நடவடிக்கை வரும் என்று தெரிந்ததும், அவர்களாகவே முன்வந்து அந்தக் குடும்பங்களோடு தீர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

விற்பனையின் ஆரம்ப நாட்களில் எழுதிய மூன்று படிவங்கள் மட்டும் இதில் சேரவில்லை. அவற்றில் டிக் நீல மையில், கையால் போட்டிருந்தது. போட்டது யார் என்று கண்டுபிடிக்க நேர் விசாரணை வைக்கவேண்டியதாயிற்று. இரண்டு பேர் வரவில்லை. வந்தவர் சார்ஜென்ட் சுடலைமுத்து.

விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று, அப்புறம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாகவும் இருந்தவர். அம்பாசமுத்திரம் பக்கம். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. கூடவே அவர் மனைவி பேச்சியம்மாள் வந்திருந்தார். முப்பது வருடம் டெல்லியில் இருந்தும், காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் அவருக்கு இந்தி வரும். ஃபண்டில் போனதில் பாதி, அந்த அம்மாள் பிறந்த வீட்டு வயலை விற்றபோது அவர் பங்காக வந்தது. வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது.

எதிர்ப் பக்கம் வங்கியின் வக்கீலும் ஒரு அதிகாரியும். சார் வழக்கம்போல் சார்ஜென்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் குறிப்பெடுக்க. சார்ஜென்ட் நல்ல இந்தியில், கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னார். தனியாகப் போனேன், டிக் போடவில்லை, கையெழுத்து மட்டும்தான். முப்பது சொச்சம் பேர் விஷயத்தில் வங்கியின் பொய் ஏற்கெனவே வெளிப்பட்டிருந்ததால், இவர் சொல்லை நம்பாமலிருக்கக் காரணமே இல்லை. இன்னும் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அப்போது பேச்சியம்மாள் என்னைப் பார்த்துத் தமிழில் பேச ஆரம்பித்தார்.

"யம்மா, தனியாப் போனேன்னு சொல்லுதாவ. நானும்தான் கூடப் போனேன். பக்கத்துச் சேர்லதான் இருந்தேன். இவ்வோதான் டிக்கு போட்டாவ."

"பேச்சி, சும்மா இரு" என்றார் சார்ஜென்ட், திரும்பாமலே.

"மொதல்ல ஒரு ஃபாரம் எழுதினாவ. நடுவுல நடுவுல டிக்கு போட்டாவ. அந்தப் பேங்க் ஆளு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, இது எடுக்க மாட்டேங்குது அங்கிள், வேற ஃபாரம் தாரேன், கடைசிக் கட்டத்துல போடுங்கன்னு சொன்னான். நான் கேட்டேன், என்னத்துக்கு இப்ப மாத்திப் போடுதியன்னு. அதுக்கு இவ்வோ, பரீட்சைல பாஸாவணும்லாங்காவ. நான் ஒரு பாதிக்குச் சொந்தக்காரி. என்ன ஏதுன்னு எங்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. இங்கயும் கேக்கல. நானும் அங்க இருந்தேன்னாவது எழுதிக்கிடுங்க."

அறையில் அந்தப் பேச்சு புரிந்தவர்கள் மூன்று பேர்தான். சார்ஜென்ட் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் என்னிடம் கேட்டார்: "அம்மா என்ன சொல்கிறார்கள்?"

"தானும் கூடப் போனதாகச் சொல்கிறார்" என்றேன்.

"அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் பேசினார்களே."

சார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, டீ வரட்டும், பத்து நிமிடம் கழித்துத் தொடருவோம் என்று எழுந்துவிட்டார்.

வராந்தாவில் நான் தண்ணீர் பிடிக்கப் போன இடத்துக்கு சார்ஜென்ட் வந்தார். இந்தியைவிட்டுத் தமிழுக்கு வந்திருந்தார். "மேடம், எத்தனையோ வருஷம் சர்வீஸ் பண்ணியிருக்கேன். எம்மேல ஒரு ரிப்போர்ட் கிடையாது. அந்த லெட்டர் நான் எழுதினதில்ல. சொசைட்டில எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். அது அவ நிலம் மேடம். எம் பணம் போனாப் போகுது. அதையாவது அவ கைல திருப்பிக் குடுத்தாத்தான் வீட்டுல நான் தலை நிமிந்து உக்காரமுடியும். அவ சொன்னதுல அந்த ஒரு லைன மட்டும் விட்டுருங்க. நம்ம மூணு பேருக்குத்தான தெரியும்."

அவர் குரலில் மிரட்டலோ தந்திரமோ இல்லை. என் அப்பா ஞாபகம் வந்தது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

சார் தன் அறையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்கவே இல்லை. "வசந்தா ஜி, எனக்குத் தமிழ் தெரியாது. அதனால் இன்றைக்கு என் காது நீங்கள்தான். நினைப்பதற்கு இரண்டாவது தாள் இருக்கிறது. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கஷ்டமாக இருந்தால் வேறு ஒருவரை மொழிபெயர்க்க வரவழைக்கிறேன். அதில் எந்த அவமானமும் இல்லை" என்றும் சொன்னார்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அவரை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். எனக்கு வெளியேறும் வழியைத் திறந்து வைத்துவிட்டு, போவதா நிற்பதா என்பதை என்னிடமே விட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, பேச்சியம்மாள் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தியில் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. டிக் போட்டது இவர்தான் என்ற இடம் வந்ததும் வக்கீல் பேனாவை மூடிவிட்டார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. சார்ஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

சார் விசாரணையை மூடவில்லை. பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, "ஔர்?" என்றார்.

"வேற ஏதாவது உண்டான்னு கேக்கறார்மா."

"அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் போயிற்று. "ஔர்?"

"மொத ஃபாரத்த அந்த ஆளு கிழிச்சுக் குப்பையில போட்டான். அன்னைக்குப் பக்கத்து மேசையிலயும் அப்படித்தான் ஒருத்தர் ரெண்டாந்தரம் எழுதிக்கிட்டு இருந்தாரு."

சார் அதைப் பென்சிலால் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். பிறகு வங்கி அதிகாரியைப் பார்த்து, அந்தக் கிளையின் கம்ப்யூட்டரில் அந்தப் படிவங்கள் ஏற்றப்பட்ட நேரப் பதிவு முழுவதும் வேண்டும் என்றார். ஏற்றுக்கொள்ளப்பட்டவை மட்டும் போதாது, நிராகரிக்கப்பட்டவையும் வேண்டும். வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். சார் அதையும் எழுதிக்கொண்டார்.

முடிந்ததும் வழக்கம்போல் லிஃப்ட் வரை போனார். சார்ஜென்ட் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். பேச்சியம்மாளோடு சார் மெதுவாக நடந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. லிஃப்ட் கதவு மூடும்வரை நின்றுவிட்டு வந்தார்.

பதிவு வருவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. சார்ஜென்டின் பெயரில் இரண்டு வரிகள் இருந்தன. காலை பதினொன்று பத்துக்கு ஒன்று, நடுத்தர ஆபத்து, நிராகரிப்பு. பதினொன்று இருபத்தாறுக்கு இன்னொன்று, அதிகபட்ச ஆபத்து, ஏற்பு. பதினாறே நிமிடத்தில் ஒரு மனிதரின் துணிச்சல் அவ்வளவு கூடியிருந்தது. அந்தக் கிளையில் மட்டும் அல்ல, பிறகு வரவழைத்துப் பார்த்த வேறு கிளைகளின் பதிவிலும் அதே போல் இரட்டை வரிகள், பக்கம் பக்கமாக. அச்சடித்த டிக் ஒரு கிளையின் திருட்டுத்தனம். இது எல்லாக் கிளையிலும் பழகிப்போன வழக்கம். அந்த அம்மாள் வாய் திறக்காவிட்டால் இதை நாங்கள் தேடியே இருக்கமாட்டோம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லமுடியாது. வங்கியின் மேல் நடவடிக்கை வந்தது. ஆனால் மெதுவாக, மேல்முறையீடு எல்லாம் தாண்டி வந்தது. டிக் அச்சடித்திருந்த குடும்பங்களுக்குச் சில மாதங்களிலேயே தீர்ந்துவிட்டது. சார்ஜென்டுக்கு இரண்டு வருடம் இழுத்தது. தானே டிக் போட்டதால் அவருக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லி, வங்கி ஒரு பகுதியைத்தான் கொடுத்தது. ஃபண்டு தன் கடன்களை வசூலித்துத் தவணை தவணையாகக் கொடுத்ததில் மீதியும் ஓரளவு வந்தது. நான் அந்த ஒரு வரியை விழுங்கியிருந்தால் அவருக்கு முழுதும் உடனே கிடைத்திருக்கும். அது எனக்குத் தெரியும். இரண்டாவது தாளில் எழுதியும் வைத்தேன்.

அதற்குப் பிறகு சார் இழுப்பறையிலிருந்து என் ஒரு வரிக் குறிப்பை எடுத்துக் கொடுத்தார். "இப்போது எழுதுங்கள்" என்றார். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். சந்தோஷ் தேவியை உள்ளே விடாத படிவமும், சார்ஜென்டை உள்ளே தள்ளிய படிவமும் ஒன்றுதான். உண்மை சொன்னவர் வெளியே நின்றார், பாஸாக நினைத்தவர் உள்ளே போனார். பணம் அதிகம் இருப்பவர் மட்டும் வரலாம் என்று தொகையை வைத்துக் கதவு போட்டாலும், வயலை விற்ற மாதத்தில் பேச்சியம்மாள் பணக்காரர்தான். அந்தக் கதவு அவரைத் தடுத்திருக்காது. அதனால் வாங்குபவரைத் தடுப்பதைவிட விற்பவரைக் கட்டவேண்டும் என்று எழுதினேன். ஒரு முறை நிராகரித்த படிவத்தை அதே நாளில் மறுபடி எழுதி வாங்கக்கூடாது. கிழிக்கவும் கூடாது. கணக்கில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரிடமும், அவர்களுக்குப் புரிகிற பாஷையில், பணம் திரும்பி வராமல் போகலாம் என்று சொல்லியாகவேண்டும். சொன்னவர் பெயர் எழுதப்படவேண்டும்.

சார் படித்துவிட்டு, இந்த முறை பேனாவால் கையெழுத்துப் போட்டார். மேலே அனுப்பினோம். அதில் ஒன்று மட்டும், வேறு வார்த்தைகளில், பின்னால் ஒரு சுற்றறிக்கையில் வந்தது. மற்றவை கோப்பில் இருக்கின்றன. நிவேதிதா தேடினால் கிடைக்கும்.

தடை என்ற என் பழைய ஒரு வரியில் நியாயமே இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன். அன்றைக்கு அப்படி ஒரு தடை இருந்திருந்தால் சார்ஜென்ட் அந்த இரண்டு வருடமும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். ஆனால் அந்தத் தடையை எழுதுகிறவர்கள் 'சாதாரண' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் எழுதப்போகிறார்கள் என்று கேட்காமல் என்னால் இனி இருக்கமுடியாது. அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்த மனிதரின் கீழ் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். அழுதுகொண்டு போன பிரிவிலிருந்து, பணி ஓய்வு வரை நானாக மாற்றல் கேட்கவில்லை.

சார்ஜென்ட் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பேச்சியம்மாள்.

"யம்மா, எங்க சொசைட்டில தமிழ்ப் பொம்பளையோ எல்லாம் சேந்து மாசம் ஒருக்கா கூடுவோம். இப்ப ஏதோ ஃபண்டு விக்க ஒருத்தர் வாராராம். அவரு இந்தில சொல்லுவாரு. நீங்க வந்து எங்களுக்குத் தமிழ்ல சொல்லணும். சும்மா வரவேண்டாம், சாப்பாடு போடுதேன்."

போனேன். சமுதாயக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். சார்ஜென்ட்தான் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க மேடம், மெட்ரோல கூட்டமா?" என்றார். அவ்வளவுதான். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியைத் துடைத்து எனக்குக் காட்டினார்.

விற்க வந்தவர் மரியாதையான மனிதர், பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன், இவர்கள் கேட்டதை இந்தியில் சொன்னேன். பேச்சியம்மாள்தான் முதலில் கேட்டார். "இது யாருக்குக் கடன் குடுக்கு? அவன் திருப்பித் தரலன்னா? எனக்கு நடுவுல வேணும்னா எத்தன நாள்ல தருவிய? உங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்?" கடைசிக் கேள்வியை நான் மொழிபெயர்த்தபோது விற்க வந்தவர் கொஞ்சம் நெளிந்தார், ஆனால் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. ஒவ்வொருவராக, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்கள்.

சரஸ்வதி என்று ஒருவர் மட்டும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வசிப்பவர், "நான் கொஞ்சம் போடறேன். போனாலும் என் சாப்பாட்டுக்குக் குறை வராது" என்று படிவத்தைக் கை நீட்டி வாங்கினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். "சரஸ்வதி, ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்தேன்.

பேச்சியம்மாள் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"விடுங்கம்மா. அவ கேக்க வேண்டியத எல்லாம் கேட்டுட்டா."

உட்கார்ந்தேன். சரஸ்வதி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் கேள்வியிலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார். விற்க வந்தவர் பேனாவை நீட்டியபடி காத்திருந்தார். சரஸ்வதியை யாரும் அவசரப்படுத்தவில்லை.